மணிக்கட்டில் இருந்த கறுப்புக் கோடு

எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேருக்குப் பிறந்தநாள் ஜூன் முதல் தேதி. அத்தனை பேரும் எப்படி ஒரே நாளில் பிறந்தோம் என்று யாரும் கேட்டதில்லை. திண்டிவனத்தைச் சுற்றியிருந்த எங்கள் குடியானவர் வீடுகளில் பிள்ளை பிறந்ததை எழுதி வைக்கிற வழக்கமே கிடையாது. பிள்ளையைக் குளிப்பாட்டி, எண்ணெய் வைத்து, பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். பெரிய வாத்தியார், "வலது கையைத் தலைக்கு மேல கொண்டுபோயி இடது காதைத் தொடு" என்பார். விரல் காதைத் தொட்டால் ஐந்து வயது முடிந்தது. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வரவேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குத் தலை பெரிது, கை குட்டை. வளர வளரத்தான் கை தலையைச் சுற்றிவரும். பள்ளிக்கூடம் திறப்பது ஜூனில் என்பதால், காதைத் தொட்ட பிள்ளைக்கெல்லாம் ஜூன் ஒன்று என்று தேதி போட்டு, ஐந்து வருஷம் பின்னால் தள்ளி எழுதிவிடுவார்.

நான் நாலரை வயதிலேயே காதைத் தொட்டவள். இதை நான் சொல்லவில்லை, ஊர் முழுக்க என் அம்மாதான் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "எம்பொண்ணு நாலரை வயசுல டபக்குனு தொட்டுட்டா, வாத்தியாரே அசந்துட்டாரு" என்று கிணற்றடியில் சொல்வாள், மல்லாட்டைக் கடலை பிடுங்குகிற இடத்தில் சொல்வாள், கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்து இலைக்காரியிடம் சொல்வாள். எனக்கும் அதில் ஏகப்பட்ட கர்வம். பிறக்கும்போதே மற்றவர்களைவிட ஒரு சாண் கூடுதலாக நீட்டித்தான் கடவுள் என்னை அனுப்பினார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நினைப்புக்கேற்ற மாதிரி வளரவும் செய்தேன். அம்மா என் பாவாடைகளைத் தைக்கும்போதே அடியில் மூன்று மடிப்பு வைத்துத் தைப்பாள். உயரம் கூடும்போது ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துவிட்டால் பாவாடை கணுக்காலைத் தொட்டுக்கொண்டே இருக்கும். வருஷத்துக்கு ஒரு மடிப்பு என்பது அவள் கணக்கு. எஸ்.எஸ்.எல்.சி. வகுப்புக்குப் போன வருஷம் மட்டும் பொங்கலுக்குப் பிரித்தது சித்திரையில் போதவில்லை, சித்திரையில் பிரித்தது ஆனியில் போதவில்லை. மூன்று மடிப்பும் தீர்ந்துபோயிற்று. "இதுக்கு மேல வளந்தேன்னா கோணியைத்தான் சேத்துத் தெக்கணும்" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் என் தோளுக்குத்தான் இருப்பாள்.

எனக்கு அந்த வளர்த்தி தேவைப்பட்டது. நான் உயரம் தாண்டுகிறவள்.

அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வது! இரண்டு கம்பம், நடுவில் ஒரு மூங்கில் கோல், அந்தப்பக்கம் மணல். பாவாடையை உருவிப் போட்டுவிட்டு, டிரில் டீச்சர் தைத்துக்கொடுத்த நீல நிஜாரோடு பக்கவாட்டில் ஓடிவந்து, கத்திரி மாதிரி ஒரு காலை வீசி மறு காலையும் வீசினால், ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, உடம்பில் எடையே இருக்காது. வயிற்றுக்குள் ஏதோ குபுக்கென்று மேலே ஏறும். பிறகு மணல். மறுபடி எழுந்து ஓடுவேன். சாப்பாட்டு மணி அடித்தது காதில் விழாது.

முந்தைய வருஷம் விழுப்புரத்தில் நடந்த பள்ளிகளுக்கான போட்டியில், ஜூனியர் பிரிவில், அரை அங்குலத்தில் தோற்றிருந்தேன். ஜெயித்தது விழுப்புரத்துப் பெண் ஒருத்தி, குள்ளமாக, ரப்பர் பந்து மாதிரி இருப்பாள். முதலாவதாக வருகிறவளைத்தான் கடலூருக்கு ஜில்லாப் போட்டிக்கு அனுப்புவார்கள். ஒரு வருஷம் முழுக்க அந்த அரை அங்குலம் என்னைத் தூங்கவிடவில்லை. இந்த வருஷம் விட்டால் பிறகு கிடையாது. அப்பா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "பரீட்சை முடியற வரைக்கும் இன்னா வேணா குதி. அதுக்கப்புறம் குதியாட்டம் கிதியாட்டம்னு பேச்சே வரக் கூடாது." அப்பா கெட்டவர் இல்லை. பள்ளிக்கூடம் முடிந்த பெண் நிஜார் போட்டுக்கொண்டு நாலு பேர் எதிரில் குதிப்பதை அந்தக் காலத்தில் எந்த அப்பாவாலும் நினைத்துப் பார்க்க முடியாது.

ஆடி மாதத்தில் ஒருநாள் டிரில் டீச்சர் என்னை அழைத்தார். முப்பது வயது இருக்கும், கழுத்தில் சிலுவையும் விசிலும் ஒரே கயிற்றில் தொங்கும். அன்றைக்கு அவர் முகமே சரியில்லை. கையில் போட்டிக்கு அனுப்பவேண்டிய விண்ணப்பப் படிவம்.

"ஜூலை முதல் தேதியில பதினஞ்சு வயசு முடியாதவங்கதான் ஜூனியர். ரிஜிஸ்டர்படி உனக்கு ஜூன் ஒண்ணாம் தேதியே பதினஞ்சு முடிஞ்சுபோச்சு. ஒரு மாசம். ஒரே மாசம்டி! நீ இப்போ சீனியர்."

சீனியர் பிரிவில் ஆசிரியப் பயிற்சிக்காரிகள் எல்லாம் வருவார்கள். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண்கள். அவர்கள் முதல் ஆட்டத்தில் வைக்கிற உயரம்தான் என்னுடைய கடைசி உயரம். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, கூடவே கோபமும் வந்தது.

"டீச்சர், அது பொய்த் தேதி! நான் நாலரை வயசுலயே காதைத் தொட்டவ. எங்கம்மாவைக் கேளுங்க. எனக்கு இன்னும் பதினஞ்சு ஆவல."

"உங்கம்மா சொல்றதை யாரு கேப்பாங்க? காயிதம் வேணும்."

ஆனால் அவர் விடுகிற ஆள் இல்லை. இரண்டு நாள் கழித்து ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவருடைய அண்ணன் விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். கோர்ட்டுக் கேசுகளில் ஒரு ஆளின் வயது தெரியாவிட்டால் கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பைப் பார்த்து டாக்டர் வயது எழுதித் தருவாராம். எலும்புக்கு வயது தெரியுமாம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. என் எலும்பு எனக்குச் சாட்சி சொல்லப்போகிறது. அன்று பள்ளிக்கூடத்திலிருந்து வீடுவரைக்கும் என் மணிக்கட்டை நானே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனேன்.

வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "எலும்பைப் பாத்தா எல்லாம் தெரிஞ்சுடுமா?" என்று மட்டும் கேட்டாள். கேட்ட விதம் எனக்குச் சற்று விசித்திரமாகப் பட்டது. ஆனால் எனக்கிருந்த துள்ளலில் அதைக் கவனிக்க நேரம் ஏது?

பாசஞ்சர் ரயிலில் நானும் அம்மாவும் போனோம். மயிலம் தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே மல்லாட்டைக் கொல்லைகளாக ஓடின. விழுப்புரத்தில் இறங்கி, கேட்டுக் கேட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். கம்பவுண்டர் எங்களை ஒரு மரப்பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். எதிரில் மூடிய கதவு, அதற்கு மேலே சிவப்பு விளக்கு. அது எரிந்தால் உள்ளே படம் எடுக்கிறார்கள் என்று அர்த்தமாம். நான் பெஞ்சில் உட்காரவே இல்லை. கதவிடுக்கில் கண்ணை வைப்பதும் திரும்புவதுமாக இருந்தேன்.

"உக்காருடி. ஒண்ணு சொல்லணும்" என்றாள் அம்மா. அவள் கை என் பாவாடையின் ஓரத்தைப் பிடித்திருந்தது. "அன்னிக்கி உன் கை எட்டல."

"என்னைக்கி?"

"பள்ளிக்கூடத்துல சேத்த அன்னிக்கி. உன் விரலு காதுக்கு மேலயே நின்னுபோச்சு. ரெண்டு விரக்கடை எட்டல. வாத்தியாரு மூக்குக் கண்ணாடியத் தொடைச்சுகினு இருந்தாரு. நான் பின்னாலேர்ந்து உன் தலைய இப்படி வலது பக்கம் சாய்ச்சுட்டேன். அப்பதான் தொட்ச்சு."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பத்து வருஷப் பெருமை பொசுக்கென்று போனது. கிணற்றடியில் சொன்னது, பந்தியில் சொன்னது, எல்லாம் புளுகு! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"ஏம்மா அப்படிப் பண்ணே? அடுத்த வருஷம் சேத்திருந்தா இன்னிக்கி இந்தப் பேஜாரே இல்லையே! நான் தாராளமா ஜூனியர்ல நின்னிருப்பேனே!"

அம்மா சிவப்பு விளக்கையே பார்த்தாள்.

"எங்கப்பாவும் என்னைக் கூட்டிக்கினு போனாரு. எனக்கும் எட்டல. அடுத்த வருஷம் கூட்டியான்னாரு வாத்தியாரு. அடுத்த வருஷம் எந்தம்பி பொறந்துட்டான், அவனைத் தூக்கிக்கினு திரிஞ்சேன். அதுக்கடுத்த வருஷம் ஆடு மேய்க்கப் போனேன். எனக்கு அந்த அடுத்த வருஷம் வரவேயில்லடி. உனக்கு மட்டும் வருமான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் மேல் கோபப்பட்டதற்காக என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் சிவப்பு விளக்கு அணைந்து, கதவு திறந்து, என் முறை வந்துவிட்டது.

உள்ளே அரை இருட்டு. ஒரு பெரிய இரும்புக் கழுத்து மேலேயிருந்து குனிந்து பார்த்தது. என் இடது கையை விரித்து ஒரு சில்லென்ற தட்டின் மேல் வைத்து, "ஆடாதே அசையாதே" என்றார்கள். அசைந்தால் எலும்பு வயதைத் தப்பாகச் சொல்லிவிடுமோ என்று மூச்சையும் பிடித்துக்கொண்டேன். ஒரு கடகடப்பு. அவ்வளவுதான். வலியும் இல்லை, சூடும் இல்லை. பிறகு முழங்கைக்கு ஒன்று எடுத்தார்கள். வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தாள், ரத்தம் கித்தம் உறிஞ்சிவிட்டார்களா என்று.

அரைமணி நேரத்தில் டாக்டர் தன் அறைக்கு அழைத்தார். இளவயசுக்காரர். கிளிப்பில் தொங்கிய படத்திலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்.

என் கை! என் கைக்குள் இருந்த கை! விரல் எலும்புகள் வெள்ளை வெளேரென்று, மணிக்கட்டில் புளியங்கொட்டை மாதிரி சின்னச் சின்னதாக ஒரு குவியல். நான் "ஹா!" என்று கத்தியேவிட்டேன். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டருக்கும் உற்சாகம் தொற்றிக்கொண்டது போலிருக்கிறது.

"இதுவரைக்கும் கேசுக்குத்தான் இப்படி எடுத்திருக்கேன். குதிக்கறதுக்காக வயசு கேட்டு வந்தது நீதான் முதல்" என்றவர், அம்மாவின் பக்கம் திரும்பினார். "பொண்ணுக்கு என்னம்மா போடறீங்க?"

அம்மா வெட்கப்பட்டாள். "இன்னாத்தைங்க போடறது? காலையில கேப்பைக் கூழு, நெத்திலிக் கருவாடு. முருங்கைக்கீரை ஆக்குவேன். கொல்லையில வெளையற மல்லாட்டைய வேக வெச்சுக் குடுப்பேன். அவ்ளோதாங்க."

"அதான் எலும்பு இவ்ளோ வெள்ளையா விழுந்திருக்கு. கெட்டியான எலும்புதான் இப்படி விழும். டானிக் வாங்கிக் குடிக்கிற வீட்டுப் பிள்ளைங்களுக்குக்கூட நான் இப்படிப் பாத்ததில்ல" என்றார். அம்மாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! கேப்பைக் கூழுக்கு யாராவது இப்படி மரியாதை கொடுத்து அவள் கேட்டதே இல்லை.

பிறகு அவர் பென்சிலால் என் மணிக்கட்டைக் காட்டினார். முன்கை எலும்பின் நுனியில், ஒரு மூடியை வைத்தது போலத் தனியாக ஒரு துண்டு. மூடிக்கும் எலும்புக்கும் நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு.

"இந்தக் கோடு இருக்கே, இங்கதான் எலும்பு வளருது. வளர்த்தி முடிஞ்சா கோடு மூடிடும். முழங்கையில மூடிட்டுது பாரு. மணிக்கட்டுல இன்னும் மூடல. நீ இன்னும் வளருவே."

இன்னும் வளருவேனா! எனக்கு அந்த அறையிலேயே ஒரு குதி குதிக்கவேண்டும் போலிருந்தது. அந்தக் கறுப்புக் கோட்டை விட்டு என் கண் நகரவில்லை. நான் தூங்கும்போதும், கணக்குப் போடும்போதும், அம்மாவிடம் திட்டு வாங்கும்போதும் சத்தமில்லாமல் என்னை மேலே தள்ளிக்கொண்டிருந்தது அந்தக் கோடுதான்.

"அப்போ பதினஞ்சு ஆவலன்னு எழுதிடுவீங்களா டாக்டர்?"

அவர் படத்தைக் கீழே இறக்கினார். "அதான் கஷ்டம். பதிமூணுக்கு மேல, பதினாறுக்குள்ளன்னு எழுதலாம். எலும்பு வருஷக் கணக்குத்தான் சொல்லும், அதுவும் முன்னப்பின்ன. உனக்கு வேண்டியது மாசக் கணக்கு."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ரயில் ஏறி வந்தது, மூச்சைப் பிடித்தது எல்லாம் வீண். அப்போது அம்மா, யாரும் கேட்காமலே, பேச ஆரம்பித்தாள்.

"ஐயா, கொடி ஏத்தின அன்னிக்கி இவ என் வயித்துல இருந்தா. சொதந்தரம் வந்துட்ச்சுன்னு தாலுக்கா கச்சேரியில கொடி ஏத்தி மிட்டாய் குடுத்தாங்க. கூட்டத்துல என் வயித்துல இடிச்சுடுவாங்கன்னு எங்கூட்டுக்காரரு என்னைச் செவுத்தோரமா நிக்க வெச்சாரு. அப்புறம் தீவாளி போயி, கார்த்திகை தீபத்துக்கு மறாநாளு பொறந்தா. வாசல்ல வெச்ச அகலுகூட எடுக்கல. தேதி எனக்குத் தெரியாது. ஆனா கொடி ஏத்தினது என்னிக்கின்னு உங்களுக்குத் தெரியுமில்ல?"

டாக்டர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவையே பார்த்தார். பிறகு விரல் விட்டு எண்ணினார். "ஆகஸ்டு... செப்டம்பர்... கார்த்திகைன்னா நவம்பர் கடைசி." சிரித்தார். "பதினாலு முடிஞ்சு எட்டு மாசம்தான் ஆகுது. எலும்பு சொல்ற வயசுக்குள்ளதான் இருக்கு." அதை அப்படியே எழுதினார்: எலும்பின் வளர்ச்சி, பெண்ணின் தாய் சொல்லும் காலத்துக்குப் பொருந்துகிறது. கையெழுத்து, முத்திரை. படத்தையும் உலர்த்திக் கொடுக்கச் சொன்னார்.

நாங்கள் எழுந்தபோது அம்மா தயங்கி, தன் இடது கையை மேசை மேல் விரித்து வைத்தாள். என் கையை அந்தத் தட்டில் வைத்தது போலவே.

"ஐயா, எனக்கும் என் வயசு தெரியாது. இதையும் பாத்து சொல்லுவீங்களா?"

டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார். காய்ப்புக் காய்த்து, நகக்கண்ணில் செம்மண் ஏறிய கை. மெதுவாகச் சொன்னார்: "உங்களுக்குக் கோடெல்லாம் எப்பவோ மூடியிருக்கும்மா. மூடிட்டா எலும்பு வயசு சொல்லாது. சின்னப் பசங்களுக்குத்தான் சொல்லும்."

"அப்போ என்னை அப்பவே எடுத்திருக்கணும்" என்று சொல்லி, கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஆவணி மாதம் விழுப்புரத்தில் போட்டி. அம்மாவும் வந்தாள். வராமல் எப்படி? எக்ஸ்ரே படத்தை ஒரு பழைய வேட்டித் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தவள் அவள். டிரில் டீச்சர் கேட்டும் கொடுக்கவில்லை. "வளைஞ்சுடப்போவுது, நானே எடுத்தாறேன்" என்று சொல்லிவிட்டாள்.

நினைத்தபடியே, ரிஜிஸ்டர் தேதியைக் காட்டி, நான் ஜூனியரில் நிற்கக் கூடாது என்று ஆட்சேபம் வந்தது. பந்தலில் மூன்று பேர் கமிட்டியாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் வெயில் தொப்பி போட்டவர். டாக்டரின் காகிதத்தைப் படித்துவிட்டு, படத்தை வாங்கிச் சூரியனுக்கு எதிரே பிடித்தார். பந்தலில் இருந்தவர்கள் எல்லோரும் அவர் முதுகுப்பக்கம் கூடிவிட்டார்கள். மணி அடிக்கிற ஆள்கூட வந்துவிட்டார். என் எலும்பை அத்தனை பேர் பார்த்ததில் எனக்கு வெட்கமும் ஆனந்தமும் ஒன்றாக வந்தன.

"ரிஜிஸ்டர் ஒண்ணு சொல்லுது, எலும்பு ஒண்ணு சொல்லுது. நான் எதை நம்பறது?" என்றார் தலைவர்.

"ரிஜிஸ்டரை எழுதினது வாத்தியார் சார்" என்றார் எங்கள் டீச்சர், விசிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "எலும்பை எழுதினது ஆண்டவர்."

தலைவர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். பக்கத்தில் இருந்த இரண்டு பேரிடமும் கிசுகிசுத்தார். கடைசியில் கையை வீசினார். "ஜல்தி போம்மா. ஜூனியர்ல போய் நில்லு."

நான் ஓடினேன்.

ஒவ்வொருவராக விழுந்து, கடைசியில் நானும் அந்த ரப்பர் பந்துக்காரியும்தான் மிஞ்சினோம். கோலை நாலடி இரண்டங்குலத்துக்கு ஏற்றினார்கள். அவள் மூன்று முறையும் தட்டிவிட்டாள். நான் முதல் முறை முழங்காலால் தட்டினேன். இரண்டாம் முறை குதிகால் பட்டது. கோல் ஆடி ஆடி, நிற்கும் போல நின்று, விழுந்தது. இன்னும் ஒரே முறை. உள்ளங்கையில் மணலைத் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

மணல் குழிக்கு அந்தப்பக்கம், தடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் அம்மா நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை, கோலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தலை வலது பக்கமாகச் சாய்ந்திருந்தது. அப்படிச் சாய்ந்திருக்கிறோம் என்பது அவளுக்கே தெரியாது.

ஓடினேன். ஒரு கால், மறு கால், அந்த எடையில்லாத நொடி, பிறகு மணல்.

திரும்பிப் பார்த்தேன். கோல் மேலேயே இருந்தது. சனம் கத்துகிறது, டீச்சர் விசிலை ஊதிக்கொண்டே ஓடிவருகிறார். அம்மா மட்டும் நிமிரவில்லை. நிமிர்ந்தால் கோல் விழுந்துவிடும் என்று பயந்தவள் போலத் தலையைச் சாய்த்தபடியே நின்றிருந்தாள்.